டிஜிஎஃப்-பீட்டா1: குப்பி வாங்குவது முதல் செல்லில் விடுவது வரை, புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே வழிகாட்டி சொல்லிவிடுவார்: "இந்த செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா கொடுத்துப் பாருங்கள்." டிஜிஎஃப்-பீட்டா என்பது செல்களுக்குச் சமிக்ஞை கொடுக்கும் ஒரு புரதம். கேட்கும்போது ஒரு நாள் வேலைபோல இருக்கும். குப்பி கைக்கு வரவே இரண்டு மாதம் ஆகலாம். வந்த பிறகு தவறான திரவத்தில் கரைத்தால் அரை மணி நேரத்தில் பணம் முழுக்க வீண். செல்களில் எந்த மாற்றமும் தெரியாதபோது "புரதம் மோசம்" என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுபவர்கள் அதிகம். பெரும்பாலும் புரதத்தில் குறை இருக்காது. அது ட்யூபின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது திரண்டு போயிருக்கும், அல்லது சீரம் (செல் வளர்ப்பு மீடியத்தில் சேர்க்கும் இரத்தநீர்) அதன் விளைவை மறைத்திருக்கும்.

இங்கே சொல்வது ரீகாம்பினன்ட், அதாவது மனித மரபணுவை வேறு செல்களில் ஏற்றித் தயாரித்த, மனித டிஜிஎஃப்-பீட்டா1 பற்றி. உயிரியல் அடிப்படை இவ்வளவு போதும்: தலா 112 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் டைசல்ஃபைடு பிணைப்பால் கோக்கப்பட்ட, சுமார் 25 கிலோடால்டன் எடையுள்ள புரதம் இது. செல்லின் மேற்பரப்பில் இரண்டாம் வகை ஏற்பியைப் பிடிக்கும். அது முதல் வகை ஏற்பியான ஆல்க்5-ஐ முடுக்கும். ஆல்க்5 போய் ஸ்மேட்2, ஸ்மேட்3 என்ற இரண்டு புரதங்களிலும் பாஸ்பேட்டை ஏற்றும். அவை ஸ்மேட்4-உடன் சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை இந்தப் புரதத்தின் மூன்று குணங்களிலிருந்து வருபவை: பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டும், நடுநிலை பிஎச்சில் செறிவாக வைத்தால் திரளும், மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும்.

1. எந்தக் குப்பி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விலைப்பட்டியலில் "டிஜிஎஃப்-பீட்டா" என்று தேடினால் பத்துப் பொருள்கள் வரும். பீட்டா1, பீட்டா2, பீட்டா3 மூன்றும் தனித்தனிப் புரதங்கள். பீட்டா1 என்ற பெயருக்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. "லேட்டன்ட் டிஜிஎஃப்-பீட்டா1" என்பது உறையோடு கூடிய, உறங்கு நிலையிலுள்ள வடிவம். அதை அப்படியே செல்லில் விட்டால் ஒன்றும் நடக்காது. "எல்ஏபி" என்பது அந்த உறை மட்டும்தான், அதற்குள் டிஜிஎஃப்-பீட்டாவே இல்லை. உங்களுக்கு வேண்டியது முதிர்ந்த, செயலில் உள்ள வடிவம். தரவுத்தாளில் வரிசை அலனின் 279 முதல் செரின் 390 வரை என்று இருக்கும்.

அடுத்தது, எந்தச் செல்லில் தயாரித்தது என்பது. சிஎச்ஓ, ஹெக்293 போன்ற பாலூட்டிச் செல்களில் தயாரித்ததை வாங்குங்கள். இந்தப் புரதத்தின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்பது சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இருக்கின்றன; அவை சரியான ஜோடிகளாக இணைந்தால்தான் வேலை செய்யும். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்ததை மறுமடிப்பு செய்து விற்பவர்களும் உண்டு. அது விலை குறைவு. ஆனால் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) ஒரு கவலை, மடிப்பு இன்னொரு கவலை. மேக்ரோஃபேஜ், டி செல் போன்றவற்றில் வேலை செய்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். துளி எண்டோடாக்சின் கொடுக்கும் மறுவினையை டிஜிஎஃப்-பீட்டாவின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

எலியின் செல்லுக்கு எலியின் புரதம்தான் வேண்டும் என்று தேடி நாள் கடத்த வேண்டாம். முதிர்ந்த வடிவத்தில் மனிதனுக்கும் எலிக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபடுகிறது. மனிதப் புரதம் எலிச் செல்லில் நன்றாகவே வேலை செய்யும்.

கடைசித் தேர்வு, பிஎஸ்ஏ கலந்ததா, கலக்காததா என்பது. பிஎஸ்ஏ என்பது மாட்டு ஆல்புமின். ட்யூபின் சுவரில் டிஜிஎஃப்-பீட்டாவுக்கு முன்பே அது ஒட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் நம் புரதம் கரைசலில் தங்கும். செல் வளர்ப்புக்கு பிஎஸ்ஏ கலந்தது நல்லது. புரதத்தில் ஒளிரும் சாயம் பொருத்தப் போகிறீர்கள், அல்லது மேற்பரப்பில் பதிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கலக்காததை வாங்குங்கள்.

2. எவ்வளவு வாங்குவது: கணக்கு போட்டுவிட்டுக் கேளுங்கள்

வழக்கமான அளவு மி.லி.க்கு 1 முதல் 10 நானோகிராம். 5 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிணற்றுத் தட்டில் (ஆறு குழிகள் உள்ள வளர்ப்புத் தட்டு) கிணற்றுக்கு 2 மி.லி., ஆறு கிணறு, மொத்தம் 12 மி.லி. தேவைப்படும் புரதம் 60 நானோகிராம். ஒரு 10 மைக்ரோகிராம் குப்பியில் காகிதக் கணக்குப்படி 2,000 மி.லி. மீடியம் தயாரிக்கலாம்.

"பெரிய குப்பி வாங்கினால் மைக்ரோகிராமுக்கு விலை குறைவு" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். சொல்வது உண்மைதான். ஆனால் கரைத்த புரதத்தை உறைய வைத்தால் மூன்று மாதம் என்றுதான் தரவுத்தாள்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஒரு பரிசோதனைக்கு ஒரு அலிகாட் (தனி ட்யூபில் பிரித்து வைக்கும் சிறு பங்கு), ஒவ்வொன்றிலும் 200 நானோகிராம் என்று பிரித்தால் 10 மைக்ரோகிராமில் 50 அலிகாட் கிடைக்கும். தனி ஆள் மூன்று மாதத்தில் 50 பரிசோதனை செய்ய முடியாது. 2 மைக்ரோகிராம் குப்பியில் 10 அலிகாட். ஒரு மாணவருக்கு அது போதும். பக்கத்து ஆய்வகத்திலும் தேவை இருந்தால் 10 மைக்ரோகிராமை ஒன்றாக வாங்கி, ஒரே நாளில் கரைத்துப் பிரித்துக்கொள்வதுதான் உண்மையான சிக்கனம்.

இறக்குமதியாகும் 10 மைக்ரோகிராம் குப்பியின் விலை இந்தியாவில் சில பத்தாயிரம் ரூபாயைத் தொடும். குப்பியோடு செலவு முடிவதில்லை. பாஸ்போ-ஸ்மேட்2 (பாஸ்பேட் ஏறிய ஸ்மேட்2) ஆன்டிபாடி, மொத்த ஸ்மேட்2 ஆன்டிபாடி, ஆல்க்5 தடுப்பான், புரதம் ஒட்டாத ட்யூப், எண்டோடாக்சின் குறைந்த பிஎஸ்ஏ ஆகியவற்றையும் ஒரே கொள்முதல் கோப்பில் சேருங்கள். குப்பி வந்து, ஆன்டிபாடி வர இன்னும் ஆறு வாரம் என்ற நிலை வந்தால் கரைத்த புரதத்தின் ஆயுள் சும்மா கரையும்.

3. காகிதங்கள்: இங்கேதான் மாதங்கள் போகும்

இது இந்தியாவில் அரசு நிதியில் இயங்கும் ஆய்வகங்களுக்கானது. தனியார் கல்லூரிகளில் படிகள் குறைவு. ஆவணங்கள் கிட்டத்தட்ட இவையே.

விலைப்புள்ளி கேட்கும்போது கேட்டலாக் எண், அளவு, பிஎஸ்ஏ உண்டா இல்லையா என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். "டிஜிஎஃப்-பீட்டா1, 10 மைக்ரோகிராம்" என்று மட்டும் எழுதினால் எது மலிவோ அது வரும். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளே வேண்டுமென்றால், அதற்கான காரணத்தோடு தனியுரிமைப் பொருள் சான்று தேவை. பொது நிதி விதிகள் 2017-இல் ஒற்றை ஒப்பந்தப்புள்ளி பற்றிய 166-ஆம் விதி இதைப் பேசுகிறது. "ஏற்கெனவே இந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வரிசையில் தரவு எடுத்திருக்கிறோம், மாற்றினால் ஒப்பிட முடியாது" என்பது ஏற்கத்தக்க காரணம். "இதுதான் நல்ல கம்பெனி" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

உங்கள் நிறுவனம் டிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு பெற்றதா, பதிவுச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கான சுங்கச் சலுகைக்கு அது தேவைப்படும். பொருள் ஆய்வுக்கு மட்டுமே என்று நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட சான்று ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேவை. உங்கள் பொருளுக்கு அந்தச் சலுகை பொருந்துமா என்பதைக் கொள்முதல் பிரிவில் உறுதி செய்துகொண்டு விலைப்புள்ளியை ஒப்பிடுங்கள். வரி சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே வாங்க வேண்டியவை: அந்த லாட்டுக்கே உரிய பகுப்பாய்வுச் சான்று, பாதுகாப்புத் தரவுத்தாள், "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும், சிகிச்சைக்கு அல்ல" என்ற உறுதிமொழி. பிஎஸ்ஏ கலந்த குப்பி என்றால் விலங்கு மூலம் பற்றிய ஆவணமும் சுங்கத்தில் கேட்கப்படலாம். அதைக் குப்பி விமான நிலையத்தில் கிடக்கும்போது தேடாமல், ஆர்டர் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

சுத்திகரித்த புரதம் உயிருள்ள பொருள் அல்ல. ஆனால் ஸ்மேட் ரிப்போர்ட்டர் பிளாஸ்மிடை (ஸ்மேட் இயங்குவதைக் காட்டும் டிஎன்ஏ வளையம்) செல்லுக்குள் ஏற்றப் போகிறீர்கள் என்றால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளியிடமிருந்து எடுத்த செல் என்றால் நெறிமுறைக் குழு. விலங்குக்குச் செலுத்துவது என்றால் விலங்கு நெறிமுறைக் குழு. குழுக்கள் நினைத்த நேரத்தில் கூடுவதில்லை. எனவே விண்ணப்பத்தைக் கொள்முதல் கோப்போடு ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

காலம்: இந்தியக் கிடங்கில் இருப்பு இருந்தால் ஒன்றிரண்டு வாரம். இறக்குமதி என்றால் ஆர்டர் கையொப்பமான பிறகு நான்கு முதல் எட்டு வாரம் என்று திட்டமிடுங்கள். மார்ச் 31-க்குள் பில் முடிக்க வேண்டிய நிதி என்றால் டிசம்பருக்குள் கோப்பு நகர்ந்திருக்க வேண்டும். ஜனவரியில் பொங்கல் வாரம் முழுக்க அலுவலகம் நின்றுவிடும்.

4. குப்பி வரும் நாள்

வெள்ளி மாலையோ விடுமுறைக்கு முந்தைய நாளோ வராதபடி விநியோகஸ்தரிடம் சொல்லுங்கள். வாயில் காவலரிடமும் அலுவலகத்திலும் உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்து வையுங்கள். உறைஉலர்த்திய தூளாக இருக்கும்வரை புரதம் ஓரளவு தாங்கும். ஜெல் ஐஸ் உருகி வந்ததற்காகப் பதற வேண்டாம். ஆனால் மூன்று நாள் அலுவலக மேசையில் கிடந்ததை ஏற்கக் கூடாது. வந்த நிலையைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றுக் குப்பி கேட்க அதுவே ஆதாரம்.

பகுப்பாய்வுச் சான்றில் பார்க்க வேண்டியவை நான்கு. தூய்மை, 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். எண்டோடாக்சின், மைக்ரோகிராமுக்கு 1 அலகுக்குக் கீழே, 0.1-க்குக் கீழே இருந்தால் இன்னும் நிம்மதி. ஜெல் படம், ஒடுக்கி (டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் பொருள்) இல்லாமல் ஓட்டினால் 25 கிலோடால்டன் பக்கத்திலும் ஒடுக்கியோடு ஓட்டினால் 12.5 பக்கத்திலும் பட்டை இருக்க வேண்டும். நான்காவது இடி50, அதாவது பாதி அளவு விளைவைத் தரும் செறிவு. எச்டி-2 என்ற எலி டி செல்களின் பெருக்கத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்து இதை அளப்பது வழக்கம். சில சான்றுகளில் இது மில்லிகிராமுக்கு இத்தனை அலகு என்று இருக்கும். மாற்றுவது எளிது: பத்து லட்சத்தை இடி50-ஆல் வகுங்கள். இடி50 மி.லி.க்கு 0.05 நானோகிராம் என்றால் மில்லிகிராமுக்கு 2 கோடி அலகு. இரண்டு நிறுவனங்களின் பொருளை ஒப்பிட இந்தக் கணக்கு தேவைப்படும்.

குப்பியைத் திறக்காமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அது உள்ளே வெப்பத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். மின்வெட்டில் ஜெனரேட்டர் எந்த ஃப்ரீசரைத் தாங்கும் என்று கேட்டு அதில் வையுங்கள்.

5. கரைக்கும் திரவம்: பிபிஎஸ் அல்ல, அமிலம்

முழு வேலையிலும் மிக அதிகம் பணம் வீணாகும் படி இது. வேறு சைட்டோகைன்களை (செல்களுக்குச் சமிக்ஞை தரும் புரதங்கள்) பிபிஎஸ் என்ற நடுநிலை உப்புக் கரைசலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பழகிய கை, இதையும் அப்படியே கரைத்துவிடும். டிஜிஎஃப்-பீட்டா1 நீரை வெறுக்கும் பரப்பு அதிகமுள்ள புரதம். நடுநிலை பிஎச்சில், குப்பியில் கரைக்கும் செறிவில், ஒன்றோடொன்று திரளும், சுவரில் ஒட்டும். கண்ணுக்குக் கலங்கல்கூடத் தெரியாது. அதனால்தான் இந்தத் தவறு வாரக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

வேண்டியது 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மி.லி.க்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ. செய்முறை:

புகைக் கூண்டுக்குள், 37 விழுக்காட்டு அமிலம் 8.3 மி.லி. எடுத்து, சுமார் 80 மி.லி. தூய நீரில் மெதுவாக ஊற்றி, 100 மி.லி.க்கு நிரப்பினால் 1 மோலார். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். இந்த 1 மோலார் கரைசலில் 40 மைக்ரோலிட்டரை 10 மி.லி. செல் வளர்ப்புத் தர நீரில் சேர்த்தால் 4 மில்லிமோலார். பிஎச் தாளில் 2.4 பக்கம் காட்டும். அதில் 10 மில்லிகிராம் பிஎஸ்ஏவைத் தூவி, குலுக்காமல், நுரை வராமல் கரைய விடுங்கள். பிறகு 0.2 மைக்ரான், புரதம் குறைவாக ஒட்டும் வடிகட்டியில் வடிக்கவும்.

வடிகட்டுவது இந்தத் திரவத்தை மட்டுமே. புரதம் கரைத்த பிறகு வடிகட்டினால் புரதம் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

பிஎஸ்ஏ கலக்காத குப்பியை மேற்பரப்பில் பதிப்பது போன்ற வேலைக்காக வாங்கியிருந்தால், வெறும் 4 மில்லிமோலார் அமிலத்தில், மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்ற செறிவில் கரையுங்கள். ஆல்புமின் துணை இல்லாதபோது நீர்த்த கரைசல் சீக்கிரம் சுவருக்குப் போய்விடும். உங்கள் குப்பியின் தரவுத்தாள் வேறு ஏதாவது சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

6. கரைத்தல், பிரித்தல்

ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை இது. ட்யூப்களில் முதலிலேயே பெயர் எழுதுங்கள்: புரதம், செறிவு, லாட் எண், தேதி, யார்.

- குப்பியை அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். திறக்கும் முன் சில விநாடி மையவிலக்கில் சுற்றுங்கள். 10 மைக்ரோகிராம் தூள் கண்ணுக்கே தெரியாமல் மூடியில் ஒட்டியிருக்கலாம். "குப்பி காலி" என்று புகார் எழுதுவோர் பார்க்கத் தவறுவது மூடியைத்தான்.
- 10 மைக்ரோகிராம் குப்பிக்கு 500 மைக்ரோலிட்டர் திரவம். 2 மைக்ரோகிராமுக்கு 100. இரண்டிலும் செறிவு மி.லி.க்கு 20 மைக்ரோகிராம். திரவத்தைச் சுவர் ஓரமாக விட்டு, குப்பியைச் சாய்த்துச் சுழற்றி, உட்பக்கம் முழுக்க நனையச் செய்யுங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம். பத்து முதல் பதினைந்து நிமிடம் அறை வெப்பத்தில் இருக்கட்டும்.
- பிப்பெட் நுனியை முதலில் பிஎஸ்ஏ திரவத்தில் இரண்டு முறை உறிஞ்சி விட்டு, பிறகு புரதத்தைத் தொடுங்கள். புரதம் ஒட்டாத ட்யூப்களில் 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 200 நானோகிராம்.
- மைனஸ் 70 அல்லது மைனஸ் 80 டிகிரிக்கு அனுப்புங்கள். 

ஒருமுறை உருக்கிய அலிகாட்டை மீண்டும் உறைய வைக்காதீர்கள். மிச்சத்தைக் கொட்ட மனம் வராதுதான். ஆனால் அந்த மிச்சத்தில் செய்யும் அடுத்த பரிசோதனைக்கு ஆகும் செல், ஆன்டிபாடி, மூன்று நாள் உழைப்பு எல்லாம் அந்த மிச்சப் புரதத்தைவிட விலை கூடியவை.

7. சரியான செல்லா, சீரம் இருக்கிறதா?

சில செல் வகைகளில் இந்தச் சமிக்ஞைப் பாதையே உடைந்திருக்கும். எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுச் செல்லில் இரண்டாம் வகை ஏற்பியின் மரபணு பழுதானது. எவ்வளவு ஊற்றினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிஎக்ஸ்பிசி-3, எம்டிஏ-எம்பி-468 இரண்டிலும் ஸ்மேட்4 இல்லை. இவற்றில் இன்னொரு குழப்பம் வரும்: ஸ்மேட்2-இல் பாஸ்பேட் ஏறலாம், ஆனால் ஸ்மேட்4-ஐ நம்பியிருக்கும் மரபணுக்கள் அசையாது. முதல் சோதனைக்கு ஹாகேட், ஏ549, ஹெப்ஜி2 போன்ற, மறுவினை உறுதியான செல்லை எடுங்கள். உங்கள் ஆய்வுச் செல் அதன் பிறகு.

சீரத்திலும் டிஜிஎஃப்-பீட்டா இருக்கிறது, பெரும்பகுதி உறங்கு நிலையில். 10 விழுக்காட்டு எஃப்பிஎஸ்ஸில் (மாட்டுக் கருவின் சீரம்) வளரும் செல்லில் அடிநிலை சமிக்ஞை ஏற்கெனவே உயர்ந்திருக்கும். நீங்கள் சேர்ப்பதன் விளைவு சிறிதாகத் தெரியும். அதனால் கொடுக்கும் முன் 4 முதல் 16 மணி நேரம் சீரமில்லாத, அல்லது 0.5 விழுக்காட்டுச் சீரமுள்ள மீடியத்தில் வையுங்கள். சீரமே இல்லாத மீடியம் என்றால் 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ சேருங்கள். இல்லாவிட்டால் புரதம் தட்டில் ஒட்டும்.

செல் நெருக்கத்தையும் கவனியுங்கள். எபிதீலியச் செல்கள் இடைவெளியில்லாமல் நிறைந்த பிறகு கொடுத்தால் வடிவ மாற்றம் மங்கலாகத்தான் வரும். பாதி நிறைந்த நிலையில் தொடங்குங்கள்.

8. கொடுக்கும் நாள்

மி.லி.க்கு 20 மைக்ரோகிராமிலிருந்து 5 நானோகிராமுக்கு 4,000 மடங்கு நீர்க்க வேண்டும். ஒரே எட்டில் செய்தால் அரை மைக்ரோலிட்டர் பிப்பெட் செய்ய நேரும். அந்த அளவை நம்ப முடியாது. ஒரு அலிகாட்டில் 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ உள்ள மீடியம் 190 மைக்ரோலிட்டர் சேருங்கள், இப்போது மி.லி.க்கு 1 மைக்ரோகிராம். இதிலிருந்து மீடியத்தின் ஒவ்வொரு மி.லி.க்கும் 5 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 5 நானோகிராம். ஆறு கிணற்றுக்கு 13 மி.லி. மீடியமும் 65 மைக்ரோலிட்டரும் ஒன்றாகக் கலந்து, அதைப் பகிர்ந்து ஊற்றுங்கள். கிணறு கிணறாகத் துளி விடுவதைவிட இது சீரானது. நீர்த்த கரைசலை உடனே பயன்படுத்துங்கள், அன்றே கொட்டுங்கள்.

கட்டுப்பாட்டுக் கிணற்றுக்கு வெறும் மீடியம் போதாது. புரதம் இல்லாத அதே அமில-பிஎஸ்ஏ திரவத்தை அதே படிகளில் நீர்த்து, அதே அளவு கொடுங்கள். கட்டுரையைப் பரிசீலிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மோலார் கணக்கு கேட்டால்: மி.லி.க்கு 1 நானோகிராம் என்பது 40 பிக்கோமோலார். 5 நானோகிராம் என்பது 200.

9. வேலை செய்கிறதா? மூன்று நாள் காத்திருக்காமல் பார்ப்பது

எபிதீலியம் (ஒன்றோடொன்று ஒட்டி விரிப்பாக இருக்கும் செல்கள்) மீசன்கைமாக (தனித்தனியாக நகரும் செல்கள்) மாறுவதைப் பார்க்க 48 முதல் 72 மணி நேரமாவது ஆகும். சில செல்களில் அதற்கும் மேல். புதுக் குப்பியை அதில் சோதிக்காதீர்கள். புரதம் கொடுத்த ஒரே மணி நேரத்தில் பாஸ்போ-ஸ்மேட்2 பதில் சொல்லிவிடும். அதை வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஜவ்வில் பதித்து ஆன்டிபாடியால் காணும் முறை) பாருங்கள்.

ஆறு கிணறு: 0, 15, 30, 60 நிமிடம், 60 நிமிடத்துக்கு அமில-பிஎஸ்ஏ மட்டும், 60 நிமிடத்துக்கு டிஜிஎஃப்-பீட்டாவும் தடுப்பானும். தடுப்பான் எஸ்பி431542, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலாராக வைத்து ஆயிரம் மடங்கு நீர்த்தால் 10 மைக்ரோமோலார். புரதத்துக்கு 30 நிமிடம் முன்பே கொடுங்கள், மற்ற கிணறுகளுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ. 60 நிமிடக் கிணறுகளுக்கு முதலிலும் 15 நிமிடக் கிணற்றுக்குக் கடைசியிலும் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பனிக்கட்டி மேல் வைத்து அறுவடை செய்யலாம்.

செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் கட்டாயம். பாஸ்பேட் ஏறுவது ஸ்மேட்2-இன் கடைசியிலுள்ள 465, 467 ஆகிய செரின்களில். ஆர்த்தோவனடேட் காப்பது டைரோசினை, அதை மட்டும் நம்பினால் செரினில் ஏறிய பாஸ்பேட் போய்விடும். ஜவ்வில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் பாலுக்குப் பதில் 5 விழுக்காடு பிஎஸ்ஏ. பட்டை 60 கிலோடால்டன் பக்கத்தில் வரும். 30 முதல் 60 நிமிடத்தில் உச்சம், தடுப்பான் கிணற்றில் காலி, மொத்த ஸ்மேட்2 எல்லாவற்றிலும் சமம் என்று வந்தால் குப்பி நல்லது, கையும் சரி. 24 மணி நேரம் கழித்துப் பாஸ்போ-ஸ்மேட்2 குறைந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்தப் பாதையை அடக்கும் ஸ்மேட்7 போன்றவற்றை இதே பாதைதான் தூண்டுகிறது.

ஆன்டிபாடி இன்னும் வரவில்லை என்றால், 4 முதல் 6 மணி நேரத்தில் பிஏஐ-1 மரபணுவை, அதாவது செர்பைன்1-ஐ, கியூபிசிஆரில் (மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் முறை) பாருங்கள். தெளிவாக ஏறும்.

இது தேறிய பிறகுதான் நீண்ட பரிசோதனை. அதில் மி.லி.க்கு 0, 0.1, 0.3, 1, 3, 10 நானோகிராம் என்று ஒருமுறை செறிவு வரிசை எடுத்து, உங்கள் செல்லுக்குப் போதுமான குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். எல்லோரும் 10 கொடுக்கிறார்கள் என்பதற்காக 10 கொடுத்தால், புரதமும் போகும், அளவு சார்ந்த வேறுபாடும் மறையும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மீடியத்தையும் புரதத்தையும் புதுப்பியுங்கள். கட்டுப்பாட்டுக் கிணறுகளிலும் அதே நாளில் மாற்றுங்கள்.

10. ஒன்றும் நடக்கவில்லை என்றால்

தேடும் வரிசை முக்கியம். முதலில் தெரிந்த நல்ல செல்லில் ஓட்டுங்கள். அதில் வந்து, உங்கள் செல்லில் வராவிட்டால் சிக்கல் செல்லில். இரண்டிலும் வராவிட்டால், குறிப்பேட்டில் எதில் கரைத்தீர்கள் என்று பாருங்கள். பிபிஎஸ் என்றிருந்தால் பிறகு அமிலம் சேர்த்து மீட்கப் பார்க்க வேண்டாம், திரண்டதும் ஒட்டியதும் எவ்வளவு திரும்பியது என்று சொல்ல வழியில்லை. அமிலத்தில்தான் கரைத்தீர்கள் என்றால் வேறொரு அலிகாட்டில் திரும்பச் செய்யுங்கள். கட்டுப்பாட்டுக் கிணற்றிலேயே பாஸ்போ-ஸ்மேட்2 பலமாக இருந்தால் சீரம் அல்லது செல்லே சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா. தடுப்பான் கொடுத்ததும் அது இறங்கினால் ஐயம் தீரும். முதல் வாரம் வேலை செய்து பிறகு படிப்படியாகக் குறைந்தால் யாரோ அலிகாட்டைத் திரும்ப உறைய வைக்கிறார்கள்.

மீடியத்திலுள்ள டிஜிஎஃப்-பீட்டாவை எலிசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் முறை) அளப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முதிர்ந்த டிஜிஎஃப்-பீட்டா1 மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே வரிசை. ஆகவே எஃப்பிஎஸ் உள்ள மீடியத்தில் எலிசா காட்டும் அளவில் ஒரு பங்கு மாட்டினுடையது. செல் தொடாத மீடியத்தையும் ஒரு மாதிரியாக வைத்துக் கழிக்க வேண்டும். உறங்கு நிலையை எழுப்ப, 100 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மைக்ரோலிட்டர், 10 நிமிடம், பிறகு 0.5 மோலார் ஹெப்பெஸ் கலந்த 1.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மைக்ரோலிட்டர். நீர்த்த மடங்கு 1.4, அதைப் பெருக்க மறக்காதீர்கள். நடுநிலையாக்கியதை உடனே அளந்துவிடுங்கள். அமிலம் சேர்க்காமல் அளந்தால் கிடைப்பது செயலில் உள்ள பகுதி மட்டும். கட்டுரையில் எதை அளந்தீர்கள் என்று எழுதுங்கள்.

11. பதிவும் அடுத்த குப்பியும்

செய்முறைப் பகுதியில் எழுத வேண்டியவை: நிறுவனம், கேட்டலாக் எண், லாட் எண், எந்தச் செல்லில் தயாரித்தது, எதில் கரைத்தது, இறுதிச் செறிவு, சீரத்தின் அளவு, கொடுத்த நேரம். இவற்றைப் பரிசோதனை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குப்பை போன இடத்தில் லாட் எண்ணைத் தேட முடியாது.

ஃப்ரீசர் பெட்டியில் நான்கு அலிகாட் மிஞ்சும்போதே அடுத்த ஆர்டரைத் தொடங்குங்கள். புது லாட் வந்ததும் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே தட்டில், மூன்று செறிவில் பாஸ்போ-ஸ்மேட்2-க்கு ஓட்டிப் பாருங்கள். அதற்காகப் பழைய லாட்டில் இரண்டு அலிகாட்டைத் தனிப் பெட்டியில், "தொடாதீர்கள், லாட் ஒப்பீட்டுக்கு" என்று எழுதி, மூன்று மாதக் கெடு முடியும் தேதியோடு வையுங்கள்.